நேராக மட்டும் போகும் ஹேண்டில்பார்

இடுப்பு வலிக்கிற மனிதனும், எங்கேயாவது தூரமாகப் போய்விட வேண்டும் என்று ஏங்குகிற மனிதனும் ஒரே உடம்புக்குள் குடியிருந்தால், அந்த உடம்பை மோட்டார் சைக்கிள் சாமான் விற்கிற கடைப் பக்கம் விடக் கூடாது. என்னை விட்டுவிட்டார்கள்.

நான் கோழிப்பண்ணைகளுக்கு மருந்து விற்கிறவன். மருந்து என்றால் ஊசி மருந்தில்லை. தீவனத்தில் கலக்கிற சத்துப் பொடி. காலையில் சூரமங்கலத்தில் வண்டியை எடுத்தால் ராசிபுரம், நாமக்கல், பரமத்தி வேலூர் என்று பண்ணை பண்ணையாக இறங்கி ஏறிவிட்டு, பொழுது சாய வீடு திரும்புவேன். திரும்பும்போது இரண்டு உள்ளங்கையும் மரத்துப் போயிருக்கும். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பேன். (அணில் மாதிரியே இருக்குது என்பாள் என் மனைவி கோகிலா.)

இந்த வலியோடு எனக்கு ஒரு கனவும் இருந்தது. தனுஷ்கோடி. ரோடு ஓடி ஓடிக் கடைசியில் கடலுக்குள் இறங்கி நின்றுவிடுகிற அந்த இடத்துக்கு என் வண்டியிலேயே போக வேண்டும். ஒரு பக்கம் அலை, இன்னொரு பக்கம் அலையில்லாத தண்ணீர், நடுவில் நான். பண்ணைக்காரர்கள் முட்டை விலையைத் திட்டிக்கொண்டிருக்கும்போது தலையை ஆட்டிக்கொண்டே நான் அங்கே போய் நின்றுவிடுவேன். "சரீங்களா?" என்று அவர்கள் கேட்கும்போதுதான் நாமக்கல்லுக்குத் திரும்பி வருவேன்.

கையும் இடுப்பும் இப்படி இருக்கையில் கடல் வரை எப்படிப் போவது? யோசித்ததில் குற்றவாளி அகப்பட்டான். ஹேண்டில்பார். கம்பெனிக்காரன் கொடுத்த பார் தாழ்வாக, தட்டையாக இருந்தது. குனிந்து பிடித்தால் உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கியது. அதை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று எனக்குத் தோன்றிய நாளிலிருந்து நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. பாரின் உயரம், அகலம், நம் பக்கம் அது எவ்வளவு வளைந்து வருகிறது என்பதையெல்லாம் பார்த்தேன். எனக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை. (கோகிலாவுக்கு இது தெரியும்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாலில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தரை துடைக்கிற மாப்புக் குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி உயரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்விசிறிக் காற்று முகத்தில் அடித்தது. நெஞ்சு உயரத்தில் பிடித்தால் சுகம். தோள் உயரத்தில் பிடித்தால் அதைவிட சுகம்.

"ஏனுங்க, எங்க இருக்கறீங்க?" என்று கேட்டாள் கோகிலா.

"மதுரை தாண்டிட்டேன்."

"வரும்போது மல்லிப்பூ வாங்கிட்டு வாங்க. இப்ப அந்தக் குச்சியக் குடுங்க, தரை துடைக்கோணும்."

மறுநாளே செவ்வாய்ப்பேட்டையில் ஜாபர் கடையில் நின்றேன். ஜாபர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். மோட்டார் சைக்கிள் சாமான்கள் விற்கிறான், மாட்டியும் கொடுப்பான். அவன் கடைச் சுவர் முழுக்கப் பனிமலைகளும் பாலைவனங்களும் படமாகத் தொங்கும். அவன் பக்கத்திலிருக்கும் ஓமலூரைக்கூடத் தாண்டி வண்டி ஓட்டியதில்லை. அதனால் என்னைவிடப் பெரிய கனவு அவனுக்கு. எனக்குப் புத்தி சொல்ல வேண்டிய இடத்தில் இருந்த ஒரே ஆள் அவன்தான். அவன் என்னைவிட மோசமாக இருந்தான்.

"இதப் பாருடா குமரா," என்று உள்ளேயிருந்து ஒரு பாரை எடுத்து வந்தான். இரண்டு பக்கமும் மேலே எழும்பி, பிறகு நம்மைக் கட்டிப்பிடிக்க வருவது போலப் பின்னால் வளைந்து, பளபளவென்று இருந்தது. மாட்டுக் கொம்பை யாரோ வெள்ளியில் செய்து வைத்த மாதிரி. "இதுல உக்காந்தா வண்டி ஓட்டற மாதிரியே இருக்காது. ஈஸி சேர்ல உக்காந்துட்டு உலகத்த உன் பக்கம் இழுத்துக்கற மாதிரி இருக்கும்."

அந்தப் பேச்சில் நான் விழுந்துவிட்டேன்.

மாட்டி முடித்தபோது ஒரு சின்னச் சிக்கல் வந்தது. பார் உயர்ந்துவிட்டது, ஒயர்களும் கேபிள்களும் உயரவில்லை. கம்பெனி பாருக்கு அளவெடுத்தவை அவை. ஆக்சிலேட்டர் கேபிள் வீணைக் கம்பி போல விறைத்து நின்றது. ஹாரன் ஒயர், பாரை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்புக்கடியில் நசுங்கி, எப்படியோ மேலே எட்டியிருந்தது. மீதி ஒயர்களையெல்லாம் ஜாபர் ஒன்றாகச் சேர்த்து, சாவி போடுகிற இடத்துக்கு மேலேயே டேப் சுற்றிக் கட்டிவிட்டான்.

"நீளமான கேபிள் அடுத்த வாரம் வந்துரும். அதுவரைக்கும் ரொம்ப ஒடிச்சுத் திருப்பாத," என்றான்.

"தூரமாப் போற ரோடெல்லாம் நேராத்தானடா போவுது. எதுக்குத் திருப்பணும்?" என்றேன்.

நாங்கள் இருவரும் அதை ஒரு தத்துவம் போல ஒப்புக்கொண்டோம்.

இப்போது நல்லதம்பி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோகிலாவின் பெரியப்பா அவர். அவளுடைய அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டதால் அவளைத் தன் மகளாகவே வளர்த்து, படிக்க வைத்து, ரயில்வே வேலைக்கு அனுப்பி, கடைசியில் எனக்குக் கட்டிக்கொடுத்தவர். கட்டிக்கொடுக்கும் முன் என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, "பையன் நல்ல பையன்தான். கண்ணுதான் எங்கயோ இருக்குது," என்று சொன்னாராம். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அவருடைய அந்தக் கருத்து மாறவில்லை.

ராசிபுரம் தாண்டி உள்ளே போனால் அவருடைய கோழிப்பண்ணை. முட்டைக் கோழிகள். நான் விற்கிற பொடியை அவர் ஒருநாளும் வாங்கியதில்லை. சொந்தக்காரனிடம் வியாபாரம் வேண்டாம் என்பார். அப்படிப்பட்டவர் நான் பார் மாட்டிய அன்று சாயங்காலம் போன் செய்தார்.

"மாப்ள, முட்டை ஓடு கெட்டியாகறதுக்கு ஏதோ பொடி வெச்சிருக்கறீங்களாமே. காத்தால வந்து சொல்லுங்க பாக்கலாம். நல்லா இருந்துச்சுன்னா எல்லா ஷெட்டுக்கும் போட்டரலாம்."

போனை வைத்ததும் கோகிலாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவளுக்கு அது வியாபாரமே இல்லை. பெரியப்பா ஒருவழியாக அவள் வீட்டுக்காரனை ஒரு ஆளாக மதித்துக் கூப்பிட்டிருக்கிறார். "பஸ்ல போங்க," என்றாள். "அந்த மாட்டுக் கொம்ப மாட்டிக்கிட்டுப் போயி நிக்காதீங்க."

நான் வண்டியில்தான் போனேன். எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் கேட்டில் திரும்பும்போது ஹாரன் தானாகவே 'பீப்' என்று ஒரு தடவை சின்னதாகக் கூவியது. வேறு ஒருவனாக இருந்தால் இறங்கிப் பார்த்திருப்பான். வண்டி எனக்கு வணக்கம் சொல்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தக் காலை நேரத்தை மட்டும் இன்றைக்கும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. மார்கழிக் குளிர். ஆட்டையாம்பட்டியில் தறிச் சத்தம் தெருவின் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஊரைத் தாண்டியதும் அது மெல்லத் தேய்ந்து, காற்று மட்டும் மிஞ்சியது. மரவள்ளிக்கிழங்குக் காட்டின் மேல் பனி ஒரு முழ உயரத்துக்குப் படுத்திருந்தது. செடிகளின், விரல் விரித்த கை போன்ற இலைகள் மட்டும் வெளியே மிதந்தன. கிழக்கே கொல்லிமலை, கரைத்து ஊற்றிய நீலம் மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நின்றது. நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். கை இரண்டும் தோள் உயரத்தில், யாரோ பிடித்து நடத்திக்கொண்டு போவது போல லேசாக இருந்தன. வலி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துவிட்டது. வெண்ணந்தூர் ஏரிக்கரையில் வெயில் தண்ணீரில் பட்டபோது அது எனக்கு ஏரியாகத் தெரியவில்லை. கடலாகவே தெரிந்தது. உப்பு வாசம்கூட அடித்தது. (பிறகு யோசித்துப் பார்த்தால் பக்கத்தில் கருவாட்டு வண்டி போயிருக்கிறது.)

அப்படியே மிதந்தபடிதான் பண்ணைக்குள் நுழைந்தேன்.

கோழிப்பண்ணை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம். முட்டைக் கோழி போலப் பயந்த பிராணி இந்தப் பூமியில் இல்லை. திடீரென்று சத்தம் கேட்டால் அரண்டுவிடும். அரண்டால் ஓடு கட்டுவதற்கு முன்பே முட்டையைப் போட்டுவிடும். அதனால் மாமாவின் பண்ணை ஒரு ஆஸ்பத்திரி போல நடந்தது. வாசலிலேயே 'ஹாரன் அடிக்கக் கூடாது' என்று பெரிய போர்டு. தீவன லாரி வந்தால் நடைவேகத்தில் ஊர்ந்துதான் வரும். ஆட்கள் தும்மல் வந்தால் வெளியே ஓடிப்போய்த் தும்முவார்கள். ராஜாமணி அத்தை, அதாவது மாமாவின் மனைவி, ஷெட்டுக்குள் போகும்போது புதுப் புடவை கட்ட மாட்டார், புது நிறத்தைப் பார்த்தும் கோழி மிரளுமாம். தீபாவளிக்கு மாமா சுற்றுவட்டாரக் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்து, "சாமி, வெடிய அந்தப் பக்கமாப் போயி வெடிங்க," என்று கெஞ்சுவார்.

வாசலில் சக்கரம் நனைகிற மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் வண்டியை இறக்கி ஏற்றினேன். எதிரே இரண்டு நீளமான ஷெட்டுகள். அவற்றுக்கு நடுவே உள்ள பாதையின் கடைசியில் மாமா நின்றுகொண்டு கையை ஆட்டினார். 'அங்கயே நிறுத்துங்க' என்று அர்த்தம். எனக்கு 'வாங்க மாப்ள' என்று தெரிந்தது. அந்தப் பாதைக்குள் போக இடது பக்கம் முழுசாக ஒடித்துத் திருப்ப வேண்டும்.

திருப்பினேன்.

ஆக்சிலேட்டர் கேபிள் இழுபட்டது. நான் முறுக்காமலேயே வண்டி ஒரு உறுமல் உறுமி முன்னால் பாய்ந்தது. அதே விநாடி கிளாம்புக்கடியில் நசுங்கியிருந்த ஹாரன் ஒயரின் தோல் கிழிந்து, பாரின் இரும்பில் பட்டு ஒட்டிக்கொண்டது. ஹாரன் அலறியது. விட்டு விட்டு இல்லை. ஒரே மூச்சாக. நீளமான சாலையில் லாரிக்காரனுக்குக் கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டுப் போட்ட இரட்டை ஹாரன் அது.

இரண்டு ஷெட்டுக்கும் நடுவே அந்தச் சத்தத்தோடு நான் போன ஊர்வலத்தை என்னால் முழுதாக நினைவுபடுத்த முடியவில்லை. இரண்டு பக்கமும் வெள்ளையாக ஏதோ கொதித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான இறக்கைகள். பாதை ஓரத்தில் காலி முட்டை அட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். பார் அதில் மாட்டியது. வண்டி சாய்ந்தது. நான் அட்டைகளுக்குள், மெத்தையில் விழுவது போல சுகமாகப் போய் விழுந்தேன். எஞ்சின் நின்றுவிட்டது. ஹாரன் நிற்கவில்லை. படுத்துக்கொண்டே, ஷெட்டைப் பார்த்து, முன்னைவிட உற்சாகமாகக் கூவியது.

மாமா ஓடி வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஹாரன் மேல் சுற்றினார். கேட்கவில்லை. குனிந்து ஹாரனை இரண்டு கையாலும் அணைத்து வயிற்றோடு அழுத்திக்கொண்டார். சத்தம் கொஞ்சம் குறைந்து, அவருடைய உடம்பே நடுங்க ஆரம்பித்தது. அந்த நிலையில் என்னைப் பார்த்து வாயை அகலமாகத் திறந்து ஏதோ கத்தினார். எனக்குக் கேட்கவில்லை. அடிபட்டுவிட்டதா என்று கேட்கிறார் என நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

"இல்லீங்க மாமா! நல்லா இருக்கேன்!" என்று கத்தினேன்.

அவர் மறுபடியும் கத்தினார். நான் மறுபடியும் நன்றாக இருப்பதாகச் சொன்னேன். 'சாவி, சாவி' என்று அவர் கத்தியது பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்குள்ளிருந்து அத்தை வந்தார். அவசரப்படவில்லை. வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஜாபர் கட்டிவைத்த ஒயர்க் கூட்டுக்குள் கையை விட்டு, துழாவிச் சாவியைத் திருகினார்.

அமைதி.

அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன்பும் பின்பும் கேட்டதில்லை. அத்தனை கோழியும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஷெட்டின் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்த வெயிலில், இறகுகள், சின்னச் சின்ன வெள்ளை இறகுகள், மெல்லச் சுழன்று சுழன்று இறங்கிக்கொண்டிருந்தன. மாமாவின் தலையில் ஒன்று. அத்தையின் தோளில் ஒன்று. ஜாபர் கடைச் சுவரில் தொங்குகிற பனிமலை நேராக ராசிபுரத்துக்கே வந்துவிட்டது போல இருந்தது. முட்டை அட்டைகளுக்குள் மல்லாந்து கிடந்தபடி, எவ்வளவு அழகு என்று நான் நினைத்தேன். என்னுடைய பிரச்சினையே அதுதான்.

மாமா திட்டவில்லை. "வாங்க மாப்ள, சாப்புடுங்க," என்றார். இட்லியும் நிலக்கடலைச் சட்னியும். இரண்டாவது இட்லியில் இருக்கும்போது மாமா மெதுவாகக் கேட்டார்.

"உங்க பொடி என்ன பண்ணும்னு சொன்னீங்க?"

"ஓடு கெட்டிப்படும்ங்க மாமா."

"ம்," என்றார்.

வண்டியைக் கிளப்ப எனக்கு அனுமதியில்லை. தார் ரோடு வரை தள்ளிக்கொண்டே போனேன். ரோட்டுக்கு வந்த பிறகும் திருப்பப் பயந்து, வளைவு வரும் இடங்களிலெல்லாம் இறங்கித் தள்ளினேன். வீட்டுக்கு வந்தபோது கோகிலாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. என்னைக் கேட்கவில்லை. டம்ளரை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவரே கூப்புட்டாருங்க," என்றாள். அவ்வளவுதான். சிரிக்கிற விஷயமாக அது எனக்குத் தெரிய வெகுநாள் ஆனது.

மறுநாள் காலையில் அத்தை போன் செய்தார். "மாப்ள, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க." பஸ்ஸில் போனேன்.

முற்றத்தில் ஒரு அன்னக்கூடை நிறையத் தோல்முட்டைகள். ஓடே இல்லாமல், மெல்லிய தோலுக்குள் முட்டை அப்படியே தளும்பிக்கொண்டிருந்தது. ஒன்றைக் கையில் எடுத்தேன். வெதுவெதுப்பாக, தூங்குகிற குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது. வெயிலுக்கு நேராகப் பிடித்தால் உள்ளே மஞ்சள் கரு, பனிக்குள் உதிக்கிற சூரியன் போல மிதந்தது.

"அழகா இருக்குதுங்க மாமா," என்றேன்.

மாமா அதை என் கையிலிருந்து வாங்கிக் கூடையில் வைத்தார். "மாப்ள, நீங்க பேசாம இருந்தாலே போதும்ங்க."

கோழிகள் தெளிய நாளானது. அதுவரை தினமும் விடிந்ததும் பஸ் பிடித்துப் போய், செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு, தோல்முட்டை பொறுக்கினேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. போகாவிட்டால் கோகிலாவின் முகத்தைப் பார்க்க முடியாது என்று நானாகவே போனேன். கடைசியில், ஓடு கெட்டிப்பட ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தபோது, மாமா என் பொடியையே எல்லா ஷெட்டுக்கும் வாங்கிப் போட்டார். வாங்கும்போது, "இதுக்கோசரம் திட்டம் போட்டுத்தான் செஞ்சீங்களாட்டக்குது," என்றார். எங்கள் கம்பெனி மேனேஜரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார், பாராட்டாக.

நீளமான கேபிள்கள் வந்து சேர்ந்தன. அவற்றை மாட்டிக் கொஞ்சம் தூரம் ஓட்டிப் பார்த்ததில் ஒரு உண்மை தெரிந்தது. அந்தப் பார் ஒரு காலை நேரத்துக்குத்தான் சொர்க்கம். அதற்கு மேல் ஓட்டினால், கொடிக்கம்பியில் காயப்போட்ட சட்டை மாதிரி கை இரண்டும் மேலேயே நிற்க, தோள்பட்டை கழன்று விழும். பழைய பாரையே கொஞ்சம் தூக்கி மாட்டிக்கொண்டேன். வெள்ளிக் கொம்பை அத்தை கேட்டு வாங்கிக்கொண்டார். தீவனம் தள்ளுகிற வண்டிக்குப் பிடியாக வெல்டிங் வைத்துவிட்டார். நீளமான ஷெட்டில் முனைக்கு முனை தினமும் தள்ளிக்கொண்டு நடக்கிறவருக்கு அந்த உயரமும் வளைவும் அப்படியே பொருந்திப்போயின. "முன்னெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிரும். இப்ப எவ்வளவு தூரம் தள்ளுனாலும் தெரியறதில்லீங்க மாப்ள," என்றார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

மாமா வீட்டில் அன்றிலிருந்து தோல்முட்டைக்குப் பெயர் மாறிவிட்டது. 'மாப்ள முட்டை'. "இன்னைக்கு எத்தன மாப்ள முட்டை?" என்றுதான் மாமா ஆட்களிடம் கேட்பார். நான் பக்கத்தில் இருந்தாலும் கேட்பார். விசேஷ வீட்டில் பந்தியில் முட்டை வைத்தால், "பாத்து எடுங்க, மாப்ளயாட்ட இருக்கப் போவுது," என்று ஒருவர் சொல்ல, வரிசை முழுக்கச் சிரிக்கும். மாமாவும் சிரிப்பார். என்னைப் பார்த்து அவர் சிரிக்க ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

போன மாதம் பரமத்தி வேலூர் பக்கம் ஒரு பண்ணைக்கு முதல் தடவையாகப் போயிருந்தேன். மாமாவை யாரென்றே தெரியாத ஆள். வாழைத்தோப்புக்கு நடுவில் பண்ணை. காவிரிக் காற்று. அவர் பேசப் பேச நான் வழக்கம்போல எங்கேயோ போய்க்கொண்டிருந்தேன்.

"மத்ததெல்லாம் பரவால்லீங்க," என்றார் அவர். "இந்த மாப்ள முட்டைதான் கொஞ்சம் சாஸ்தியா உழுகுது."

சட்டென்று திரும்பி வந்துவிட்டேன். "எதுக்குங்க அதுக்கு அப்படிப் பேரு?"

"தெரியாதுங்களா? இந்தப் பக்கமெல்லாம் அப்புடித்தானுங்க சொல்றது." அவர் ஒரு தோல்முட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "ஊட்டு மாப்ளைய மாதிரிங்க. பாக்கறதுக்குப் பெருசா, பளபளன்னு இருக்கும். கையில எடுத்தா கெட்டியா ஒண்ணும் இருக்காது. ஆனா கீழ போடவும் முடியாது, பத்தரமாப் புடிச்சுக்கோணும்."

வீட்டுக்கு வந்து கோகிலாவிடம் இதைச் சொன்னேன். உண்மைக் கதை எங்கேயோ தொலைந்துபோய், ஊர்க்காரர்கள் தப்பான காரணம் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள் என்று கொஞ்சம் வருத்தமாகவே சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்ததை மடித்து முடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"அதென்னங்க தப்பு," என்றாள். "அதுவும் சரியாத்தான இருக்குது."